பண்பாட்டுக் குறிப்பு

சாயத் தொழிற்சாலையில் ஆங்கில வகுப்பு நடந்தது, சாப்பாட்டுக் கூடத்துக்குப் பின்னாலிருந்த பழைய சாமான் அறையில். பீப்பாய்களை வெளியே தள்ளிவிட்டு, நீள பெஞ்சுகள் போட்டு, சுவரில் ஒரு வெள்ளைப் பலகையை அடித்துக் கொடுத்திருந்தார்கள். எத்தனை முறை கழுவினாலும் தரையிலிருந்த நீலம் போகவில்லை. ஜன்னலுக்கு வெளியே கலவைத் தொட்டிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் மாடி உயரம். அவற்றுக்கும் மேலே கண்ணாடி அறை. அங்கேதான் தொட்டிகளின் சுவிட்சுகள்.

புது இயந்திரங்களோடு வெளிநாட்டு இன்ஜினியர்கள் வந்த பிறகு ஏற்பட்டது இந்த வகுப்பு. கண்ணாடி அறையில் இருப்பவர்கள் ஆங்கிலம் பேசுவார்கள், கீழே தொட்டியில் இறங்கிச் சுரண்டுகிறவர்கள் தமிழ் பேசுவார்கள், இருவருக்கும் நடுவே ஒரு வாக்கி-டாக்கி. இது சரிப்படாது என்று நிர்வாகம் யோசித்து, கீழே இருப்பவர்கள் ஆங்கிலம் கற்க வேண்டும் என்று முடிவு செய்தது. மேலே இருப்பவர்கள் நாலு வார்த்தை தமிழ் கற்கலாமே என்று யாரும் கேட்கவில்லை. அப்படி ஒரு கேள்வி இருப்பதாகவே யாருக்கும் தோன்றவில்லை, வகுப்பெடுத்த டீச்சர் உட்பட.

அவளை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் கணவன் அதே தொழிற்சாலையில் தொட்டி வேலைக்காரன். வகுப்பில் கடைசி பெஞ்சில் சுவரோரமாக உட்கார்ந்து, பெண்டாட்டியிடம் பாடம் கேட்பதில் தனக்கு ஒரு கூச்சமும் இல்லை என்று காட்டுவதற்காகவே வேண்டுமென்று சத்தமாகக் கொட்டாவி விடுவான்.

பாடப் புத்தகம் வழவழப்பான தாளில் அச்சடித்து வெளியிலிருந்து வந்தது. ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் மஞ்சள் நிறத்தில் ஒரு கட்டம். தலைப்பு, 'பண்பாட்டுக் குறிப்பு'. முன்பின் தெரியாதவரிடம் சம்பளம் கேட்காதீர்கள். வயது கேட்காதீர்கள். கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்காதீர்கள். வானிலையைப் பற்றிப் பேசலாம். அதில் ஆபத்தில்லை.

"அப்புறம் மனுஷன் என்னத்தைத்தான் டீச்சர் பேசுறது?" என்று கேட்டான் ரேடியோ. வாய் ஓயாத காரணத்தால் வந்த பெயர். அவள் கணவனோடு ஒரே தொட்டியில் மாற்றி மாற்றி இறங்குகிறவன்.

"மழையைப் பத்திப் பேசு."

"மழை பெய்யலைன்னா?"

"பெய்யலைன்னு பேசு."

எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், ஆசிரியரையும்தான் என்று ஒரு மஞ்சள் கட்டத்தில் போட்டிருந்தது. ரேடியோ எழுந்து கைகட்டி நின்றான். "உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டா அண்ணன் என் பல்லைத் தட்டிக் கையில குடுத்துடுவார். நான் அண்ணின்னே கூப்பிடறேனே. அண்ணிக்கு இங்கிலீஷ்ல என்ன?" அவள் சொன்னாள். "சிஸ்டர் இன் லாவா? அண்ணியில சட்டம் எங்கேருந்து வந்துச்சு? கோர்ட்டுக்குப் போய்க் கட்டிக்கிட்டவங்களுக்கா?"

கடைசி பெஞ்சிலிருந்து அவள் கணவன், "டேய், பல்லு மொத்தமும் போனாலாவது இந்த ரேடியோ நிக்குமான்னு பார்க்கணும்டா எனக்கு" என்றான். அறையே சிரித்தது. அவளும் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள்.

ஒரு முற்பகலில் அவள் கணவன் கலவைத் தொட்டிக்குள் இறங்கி, கலக்கும் இறக்கைகளில் காய்ந்து ஒட்டியிருந்த சாயத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தான். மேலே கண்ணாடி அறையில் அன்றுதான் ஷிப்ட் மாறி வந்த ஓர் இன்ஜினியர், வாக்கி-டாக்கியில் ஆங்கிலத்தில் கேட்டார்: "நீ இன்னும் வெளியே வரவில்லையா?"

"யெஸ் சார்" என்றான் அவன்.

அவர் சுவிட்சைப் போட்டார்.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் போன பிறகு விசாரணைக்காரர்கள் வந்தார்கள். இரண்டுக்கும் தமிழில் ஒரே வார்த்தைதான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. முன்னால் வந்தவர்கள் ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் வந்தவர்கள் உட்காரவில்லை. கேட்டார்கள். கணவருக்குத் தூக்கம் எப்படி? குடிப்பாரா? காது நன்றாகக் கேட்குமா? வீட்டில் ஏதாவது சண்டையா?

தொழிற்சாலையின் கூட்ட அறையில் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டியபோது, மாமியாரும் கூட வந்தே தீருவேன் என்று வந்திருந்தாள். நீள மேசை, குளிர்பதனக் காற்று, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். மேசையின் அந்தக் கோடியில் அந்த இன்ஜினியர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். சின்ன வயசுதான். பாட்டில் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

கரகரப்புக்கு நடுவே அவன் குரல் வந்தது. யெஸ் சார். அவ்வளவுதான். பயிற்சி மேனேஜர் சட்டென்று நிறுத்திவிட்டார்.

"என்ன சொல்றான்?" என்றாள் மாமியார்.

"வெளியே வந்துட்டேன்னு சொல்றார்மா" என்றார் மேனேஜர்.

"வராமலே வந்துட்டேன்னு என் பிள்ளை எதுக்குச் சொல்லணும்?"

"மேலேயிருந்து பெரியவர் கேக்குறாரேன்னு பயந்திருக்கலாம். அவசரப்படுத்துறார்னு நினைச்சிருக்கலாம். நம்ம ஆளுங்க எதுக்கும் சட்டுனு யெஸ் சார் சொல்லிடறது வழக்கம்தானேம்மா."

"யாரு, என் பிள்ளையா? பள்ளிக்கூடத்துல ஹெட்மாஸ்டர் கிட்டயே 'நான் பண்ணலை, அடிச்சாலும் பண்ணலை'ன்னு நின்னவன். அவன் பயந்து பொய் சொன்னான்னு சொல்றீங்களா?" மாமியார் மருமகள் பக்கம் திரும்பினாள். "நீ படிச்சவதானே? சொல்லேன்டி. அவன் பொய்யா சொன்னான்?"

டீச்சர் எழுந்தாள். முதலில் தமிழில் மாமியாருக்குச் சொல்வது போலத்தான் ஆரம்பித்தாள். "அவர் கேட்டது, நீ இன்னும் வெளியே வரலையான்னு, அத்தை. வரலைன்னா நாம என்ன சொல்லுவோம்? 'ஆமா, வரலை'ன்னு சொல்லுவோம். அந்த ஆமாவைத்தான் உங்க பிள்ளை இங்கிலீஷ்ல சொன்னார். நீங்க சொல்றது சரி, நான் இன்னும் உள்ளேதான் இருக்கேன்னு அர்த்தம். இங்கிலீஷ்ல அந்த இடத்துல நோ சொல்லணும். அவங்க, உள்ளே இருக்கோமா வெளியே இருக்கோமாங்கிறதைப் பார்த்துப் பதில் சொல்லுவாங்க. நாம, கேட்டவர் சொன்னது சரியா தப்பான்னு பார்த்துப் பதில் சொல்லுவோம்."

"அப்போ அவன் உண்மையைத்தான் சொன்னான்."

"உண்மையைத்தான் சொன்னார்."

மாமியார் ஒரு பெரிய மூச்சு விட்டு நாற்காலியில் சாய்ந்தாள். அத்தனை நாளில் அவள் முதுகு எதிலாவது சாய்ந்து டீச்சர் பார்த்தது அப்போதுதான்.

பிறகு அதையே ஆங்கிலத்தில் மேசையின் அந்தக் கோடிக்குச் சொன்னாள். ஒரு வார்த்தை தடுமாறவில்லை. இன்ஜினியர் கேட்டுக்கொண்டார். கடைசியில், "ஆனால் அவர் யெஸ் என்றாரே" என்றார். வாதம் செய்கிற குரல் இல்லை அது. யாராவது வந்து அதை மாற்றிச் சொல்லிவிட மாட்டார்களா என்கிற குரல். "யெஸ் என்றாரே" என்று இன்னொரு முறை சொல்லிவிட்டு மூடியை இறுக்கி மூடினார். அடுத்த வாரம் அவரை வேறு நாட்டுத் தொழிற்சாலைக்கு மாற்றிவிட்டார்கள்.

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் அவளுக்கு அவனோடு போட்ட சண்டைகள் ஞாபகம் வந்தன. சண்டை என்று சொல்லக் கூடாது, விளையாட்டு. வகுப்புக்குப் பயிற்சி என்று வீட்டில் அவனிடம் ஆங்கிலத்தில் பேசுவாள். "நீங்க இன்னும் குளிக்கலையா?" "யெஸ்." "குளிச்சாச்சா?" "இல்லையே. குளிக்கலையான்னு கேட்டே. ஆமான்னேன்." "அதுக்கு நோ சொல்லணுங்க." "ஏன்டி, பொண்டாட்டி சொல்றது சரின்னு ஒத்துக்கிறதுக்கு நோ சொல்லணுமா? உலகத்திலேயே இப்படி ஒரு பாடம் எடுக்கிற பொம்பளை நீ ஒருத்திதான்." எத்தனை முறை திருத்தினாலும் அவன் மாற்றிக்கொள்ளவில்லை. அவளும் விட்டுவிட்டாள். வீட்டுப் பேச்சுக்கு என்ன வந்தது?

"அந்த ஆபீஸ்காரன் இதை எழுதணும்" என்றாள் பக்கத்தில் மாமியார். "என் பிள்ளை பொய் சொல்லலைன்னு எழுதணும். பயந்தாங்கொள்ளின்னு ஒரு பேரோட அவன் போகக் கூடாது. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

"எழுத வைக்கிறேன் அத்தை."

அது அவள் கொடுத்த வாக்கு. அவளுக்கும் அதற்கு மேல் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. போனவன் திரும்பப் போவதில்லை. அவன் கடைசியாகச் சொன்ன சொல்லாவது சரியாகப் புரிந்துகொள்ளப்பட வேண்டும்.

எழுதினார்கள். மேனேஜர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு, டீ வரவழைத்து, ஒரு தாளை நீட்டினார். "பாருங்க மேடம், நீங்க சொன்னதைத்தான் புதுப் பாடமா சேர்த்திருக்கோம். எல்லாக் கிளைக்கும் போகுது. உங்க வீட்டுக்காரர் பேர் போடலை. மரியாதை பாருங்க."

அதே வழவழப்பான தாள். ஒரு தொட்டியின் படம். அதற்குள் ஒரு மஞ்சள் தொப்பி. கேள்விகள், பதில்கள், கோடிட்ட இடங்கள். அடியில் மஞ்சள் கட்டம்:

'சில பண்பாடுகளில் பணியாளர்கள் மேலதிகாரியிடம் இல்லை என்று சொல்லத் தயங்குவார்கள். பணிவின் காரணமாகவோ அச்சத்தின் காரணமாகவோ, உண்மை நிலைக்கு மாறாக ஆம் என்று பதிலளிப்பார்கள். இது உயிருக்கு ஆபத்தானது. தைரியமாக இல்லை என்று சொல்லப் பழகுங்கள்.'

அவள் அதை இரண்டு முறை வாசித்தாள்.

"நான் இதைச் சொல்லலையே சார்."

"நீங்க சொன்னதுதானே மேடம்? யெஸ்னு சொன்னது நம்ம பண்பாட்டுனால வந்த குழப்பம்."

"பணிவுன்னு சொல்லலை. அச்சம்னு சொல்லலை. அவர் உண்மையைச் சொன்னார். 'உண்மைக்கு மாறாக'ன்னு போட்டிருக்கீங்க."

"எல்லாம் ஒண்ணுதானே."

"ஒண்ணு இல்லை சார். நீங்க எழுதியிருக்கிறது பயம். அவர் சொன்னது இலக்கணம்."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட மனிதர் இல்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்னதாகவே வந்து எல்லா ஏற்பாடும் செய்தவர். "மேடம், இலக்கணம்னு எழுதினா யாரு படிப்பாங்க? பண்பாடுன்னு போட்டாத்தான் மேலே இருக்கிறவங்களுக்குப் புரியுது. அவங்க அதுக்குத்தான் பணம் ஒதுக்குறாங்க."

"அப்படின்னா அவங்களுக்கும் ஒரு பாடம் போடுங்க. வரலையா, இல்லையா, முடியலையான்னு கேக்காதீங்க, 'எங்கே இருக்கே'ன்னு கேளுங்கன்னு. ஒரே வரி. உள்ளே இருக்கிறவன் உள்ளேன்னு சொல்லப் போறான். தப்பாச் சொல்ல வழியே இல்லை."

அவர் சிரித்தார், கேலியாக இல்லை, குழந்தை நிலாவைக் கேட்டால் சிரிப்பது போல. "அவங்க தாய்மொழியை அவங்களுக்கு நாம சொல்லித் தர்றதா? நல்லா இருக்கு போங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "திங்கட்கிழமை தொட்டியைத் திறக்குறாங்க மேடம். அதுக்குள்ள எல்லாரும் இந்தப் பாடத்தை முடிச்சுக் கையெழுத்துப் போட்டாகணும். உங்களுக்குக் கஷ்டமா இருந்தா வேண்டாம், வெளியிலேருந்து ஒருத்தரை வரவழைக்கிறேன். அவர் கட்டத்தை வாசிச்சுட்டு டீ குடிச்சுட்டுப் போயிடுவார்."

"வேண்டாம்" என்றாள். "நானே எடுக்கறேன்."

டீயில் ஆடை படிந்திருந்தது. அவள் தொடவில்லை.

புதுப் பாடம் எடுத்த அன்று சாமான் அறையில் யாரும் பேசிக்கொள்ளவில்லை. ஆளுக்கொரு தாள் முன்பே கொடுத்தாகிவிட்டது. மடியில் வைத்துக்கொண்டு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள். கடைசி பெஞ்சில் சுவரோரத்தில் யாரும் உட்காரவில்லை. மற்ற பெஞ்சுகளில் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். வாசலருகே மேனேஜர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

அவள் மஞ்சள் கட்டத்தை வாசிக்கவில்லை. நேராகப் பயிற்சிக்குப் போனாள். "நான் மேலே இருக்கேன். நீங்க தொட்டிக்குள்ளே. கேக்குறதுக்குப் பதில் சொல்லணும்." ரேடியோவைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டாள்: "நீ இன்னும் வெளியே வரவில்லையா?"

ரேடியோ எழுந்தான். "யெஸ்."

"நோ. நோ, ஐ ஆம் இன்சைட். மறுபடி. நீ இன்னும் வெளியே வரவில்லையா?"

"யெஸ்."

பக்கத்திலிருந்தவனைக் கேட்டாள். "யெஸ்." அடுத்தவனையும் கேட்டாள். அவனும் யெஸ். ஒருவனுக்கும் தெரியாமல் இல்லை. தாளிலேயே பதில் தடித்த எழுத்தில் இருந்தது. அவர்கள் பேசி வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று அவளுக்கு அப்போது புரிந்தது.

"என்ன இது?" என்றாள்.

"நாங்க பயந்தாங்கொள்ளிங்கன்னு போட்டிருக்கு டீச்சர்" என்றான் ரேடியோ. அவன் குரலில் வழக்கமான ராகம் இல்லை. "அதிகாரியைக் கண்டா நடுங்கிப் பொய் சொல்ற கூட்டமாம் நாம. அண்ணன் அப்படித்தான் செத்தாராம். நீங்கதானே அன்னிக்கு அந்த ரூம்ல எழுந்து நின்னு, அவர் சொன்னது உண்மைன்னு சொன்னீங்க? அண்ணனோட அம்மா என்கிட்ட சொன்னாங்க. உண்மையைச் சொன்ன வாய்க்கு எதுக்கு நாங்க 'நோ' போடணும்? நாங்களும் யெஸ்தான் சொல்லுவோம். அவங்க வேணும்னா கேள்வியை மாத்திக்கட்டும்."

"ஆமா டீச்சர்" என்றது ஒரு குரல். "அண்ணன் சொன்னதுதான் சரி" என்றது இன்னொன்று.

ஒரு நிமிஷம் அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. யாரும் எழுதித் தராததை இவர்கள் வாயால் சொல்கிறார்கள். அவன் சொல் இந்த அறையில் உயிரோடு இருந்தது. இப்படியே விட்டுவிடலாம், இதைப் போய் மாமியாரிடம் சொல்லலாம் என்று தோன்றியது.

ஜன்னலுக்கு வெளியே தொட்டியின் வாயில் கட்டியிருந்த சிவப்புத் துணியை யாரோ அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். திங்கட்கிழமை முதலில் இறங்கப்போவது ரேடியோ. மேலே புதிதாக வந்திருக்கும் இன்ஜினியர் எப்படிக் கேட்பார் என்று யாருக்குத் தெரியும்? அவர் நாக்குக்கு எப்படி வருமோ அப்படிக் கேட்பார்.

அவள் திரும்பிப் பலகையில் அந்தக் கேள்வியை எழுதினாள். அதன் கீழே அவன் சொன்ன பதிலை எழுதினாள். பேனா நிறத்தை மாற்றிக்கொண்டு, அதன் மேல் குறுக்காக ஒரு கோடு இழுத்தாள். அந்தச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"தப்பு" என்றாள்.

"டீச்சர்…"

"உங்க அண்ணன் சொன்னது தப்பு. சொல்லு."

ரேடியோ அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். "நீங்களா அண்ணி சொல்றீங்க?"

"நான்தான் சொல்றேன். தமிழ்ல எப்படியோ இருந்துட்டுப் போகட்டும். சுவிட்ச் போடுறவனுக்குத் தமிழ் தெரியாது. அவர் தப்பான பதில் சொன்னார், செத்துட்டார். நீ அதே பதிலைச் சொன்னா நீயும் சாவே. உன் பொண்டாட்டியும் அந்த ரூம்ல வந்து நிப்பா, தண்ணி பாட்டிலைப் பார்த்துக்கிட்டு. சொல்லு. நீ இன்னும் வெளியே வரவில்லையா?"

அவன் தாடை அசைந்தது.

"நீ இன்னும் வெளியே வரவில்லையா?"

"நோ."

"சத்தமா."

"நோ! ஐ ஆம் இன்சைட்!" என்று கத்திவிட்டு அவன் உட்கார்ந்தான். தாளை நான்காக மடித்து, இன்னும் மடிக்க முடியாதவரை மடித்துக்கொண்டே இருந்தான்.

ஒவ்வொருவராக எழுப்பினாள். ஒவ்வொருவரும் சொன்னார்கள். சொல்லாதவனைச் சொல்லும்வரை நிற்கவைத்தாள். அதற்குமுன் ஒருநாளும் அவள் இவ்வளவு கறாராகப் பாடம் எடுத்ததில்லை. கடைசியில் எல்லோரையும் சேர்த்துச் சொல்லச் சொன்னாள். நோ, நோ, நோ என்று அந்தச் சின்ன அறை அதிர்ந்தது. வெளியே போன ஒரு துப்புரவுத் தொழிலாளி நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

மேனேஜர் எழுந்து வந்தார். கண் கலங்கியிருந்தது. "பிரமாதம் மேடம். உங்களைத் தவிர யாராலும் இது முடிஞ்சிருக்காது." கையெழுத்துத் தாளை நீட்டினார். அவள் முதலில் போட்டாள். பிறகு அவர்கள் வரிசையாக வந்து போட்டார்கள், பலகைப் பக்கம் பார்க்காமல்.

அவள் வீட்டுக்குப் போவதற்குள் செய்தி போயிருந்தது. ரேடியோ தெருமுனையில்தான் குடியிருந்தான். மாமியார் சமையலறையில் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

"தப்புன்னு சொன்னியாமே."

"ஆமா அத்தை."

"அத்தனை பேரு முன்னாடி. பலகையில எழுதி அடிச்சுக் காட்டினியாமே."

அவள் பையைக் கீழே வைத்தாள்.

"அவன் பொய் சொன்னானா?"

"இல்லை."

"பயந்தானா?"

"இல்லை அத்தை. அதெல்லாம் இல்லை."

"அப்புறம்?"

"அவங்க திங்கட்கிழமை இறங்குறாங்க. வெளியே ஏறி வரணும்."

மாமியார் தலையை ஆட்டினாள், ஒப்புக்கொள்வது போலவும் இருந்தது, ஒதுக்கித் தள்ளுவது போலவும் இருந்தது. "நல்லதுதான். ஊர்ப் பிள்ளைங்களை எல்லாம் கத்த வெச்சு, நிக்க வெச்சு, புத்தியில ஏத்திட்டே. கூடவே இருந்தவனுக்கு இதைச் சொல்லிக் குடுக்க மட்டும் உனக்குக் கை வரலை. ஒரு டீச்சரை வீட்டுக்குள்ள வெச்சுக்கிட்டு என் பிள்ளை இது தெரியாமப் போயிருக்கான்."

சொல்லியிருக்கிறேன் அத்தை என்பது அவள் நாக்கு நுனிவரை வந்தது. ஒரு தடவையா? ஆனால் அதைச் சொன்னால் என்ன ஆகும்? அவள் சொன்னதை அவன் கேட்கவில்லை என்று ஆகும். சொல்லச் சொல்லச் சிரித்துத் தள்ளிவிட்டுப் போய்த் தானாக மாட்டிக்கொண்டான் என்று ஆகும். தாளில் அவனைக் கோழை ஆக்கியாயிற்று, பலகையில் தப்பு ஆக்கியாயிற்று. பெற்றவளிடமாவது அவன் ஒரு குறையும் இல்லாமல் இருக்கட்டும்.

"நேரம் கிடைக்கலை அத்தை" என்றாள்.

"கிடைக்காது" என்றாள் மாமியார். எழுந்து தட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தாள். பரிமாறாமல் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.